பெருவெடிப்புகளில் மண்ணின் உருத்திரிபை அளந்த வரலாறு

பெரிய வெடிப்பு ஒன்று நிலத்திலோ நிலத்துக்கு அடியிலோ நிகழும்போது, சுற்றியுள்ள மண் அமுங்குகிறது, விலகுகிறது, மேலெழுகிறது, பின் ஓரளவு திரும்பி அமர்கிறது. இம்மாற்றங்கள் அனைத்தும் சேர்ந்ததே மண்ணின் உருத்திரிபு. அதன் பெரும்பகுதி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், அருகிலுள்ள கருவிகளை நொறுக்கும் விசையோடு நடந்து முடிகிறது. இதை அளப்பதற்காகக் கடந்த முந்நூறு ஆண்டுகளில் மனிதர்கள் கையாண்ட வழிகளையும், அந்த அளவீடுகள் எதற்குப் பயன்பட்டன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளத்தை மட்டும் அளந்த காலம்

ஐரோப்பியக் கோட்டை முற்றுகைகளில், மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்ப்பது பழைய போர்முறை. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு மருந்து வைத்தால் எவ்வளவு மண் பெயரும் என்பது சுரங்கப் படையினர் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. மருந்து வைத்த இடத்திலிருந்து நிலப்பரப்புக்கு உள்ள மிகக் குறைந்த தொலைவை அடிப்படையாக வைத்து அவர்கள் இதைக் கணக்கிட்டனர்.

18ஆம் நூற்றாண்டில் பெர்னார் பெலிடோர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதில் முக்கியமான ஒரு கருத்தைச் சேர்த்தார். வெடிப்பின் விளைவு மேலே தெரியும் பள்ளத்தோடு முடிவதில்லை. மருந்தைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் மண் அமுக்கப்படுகிறது என்றார். அந்தப் பகுதியை 'அமுக்கக் கோளம்' என அழைத்தார். பள்ளத்துக்கு வெளியே இருக்கும் எதிரியின் சுரங்கப்பாதையும் இதனால் நொறுங்கும் என்பது அவர் கண்ட நடைமுறைப் பயன். கண்ணுக்குத் தெரியாத உருத்திரிபைப் பற்றிய தொடக்ககாலச் சிந்தனைகளுள் இது ஒன்று.

இருபதாம் நூற்றாண்டிலும் நிலை உடனே மாறவில்லை. 1917 சூன் 7 அன்று பெல்சியத்தின் மெசீன் மேட்டில் பிரித்தானியப் படை 19 சுரங்க வெடிகளை வெடித்தது. மொத்த வெடிமருந்து ஏறத்தாழ 450 டன். களிமண்ணில் நீர் புகாத அடுக்கு எது, நிலத்தடி நீர்மட்டம் எங்கே உள்ளது என்பதையெல்லாம் எட்ஜ்வொர்த் டேவிட் என்ற ஆத்திரேலிய நிலவியலாளர் போன்றோர் ஆராய்ந்து சொன்னார்கள். ஆனால் வெடித்தபோது மண் எப்படி நகர்ந்தது என்பதை அளக்க எந்த ஏற்பாடும் இல்லை. பள்ளங்கள் மட்டும் எஞ்சின. அவற்றுள் ஒன்றான இசுபான்புரோக்மோலன் பள்ளம் இன்று நீர் நிறைந்து 'அமைதிக் குளம்' என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது.

மண் ஓர் ஆய்வுப் பொருளாதல்

1925இல் கார்ல் டெர்சாகி எழுதிய நூலோடு நவீன மண் இயங்கியல் தொடங்கியது எனப் பொதுவாகச் சொல்வர். மண் என்பது துகள்களும், அவற்றிடையே நீரும் காற்றும் கலந்த பொருள். சுமையைத் துகள்கள் எவ்வளவு தாங்குகின்றன, நீர் எவ்வளவு தாங்குகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய அடிப்படைக் கருத்து.

மெதுவாக ஏறும் சுமைக்கு இது பொருந்தியது. திடீர்ச் சுமைக்கு மண் எப்படி நடந்துகொள்ளும்? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பனாமா கால்வாயின் சரிவான கரைகள் குண்டுவீச்சைத் தாங்குமா என்ற கவலை எழுந்தது. அதையொட்டி ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆர்தர் காசகிராந்தே தலைமையில் விரைவுச் சுமைச் சோதனைகள் நடந்தன. அவர் சானன் என்பவருடன் சேர்ந்து 1948இல் வெளியிட்ட ஆய்வு, வேகமாக அழுத்தும்போது மண்ணின் வலிமை மெதுவாக அழுத்தும்போது உள்ளதைவிடக் கூடுகிறது என்று காட்டியது. ஆய்வகத்தில் ஒரு கைப்பிடி மண்ணில் கிடைத்த இந்த விடை, திறந்த நிலத்திலும் பொருந்துமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

நெவாடா: ஒரே வெடி, மூன்று பள்ளங்கள்

அந்த வாய்ப்பு அணுவெடிச் சோதனைகளோடு வந்தது. அமெரிக்காவின் நெவாடா சோதனைக் களத்தில் 1951 நவம்பரில் 'ஜேங்கிள்' வரிசைச் சோதனைகள் நடந்தன. அவற்றுள் இரண்டின் ஆற்றலும் ஒன்றே: 1.2 கிலோடன், அதாவது 1,200 டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு ஈடு. ஒன்று நிலப்பரப்பை ஒட்டி வெடிக்கப்பட்டது. மற்றொன்று ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்தில். முதலாவது உண்டாக்கிய பள்ளம் ஏறத்தாழ 27 மீட்டர் அகலமும் 6 மீட்டர் ஆழமும் கொண்டது. இரண்டாவது ஏறத்தாழ 79 மீட்டர் அகலமும் 16 மீட்டர் ஆழமும் கொண்டது. 1955 மார்ச்சில் 'டீபாட்' வரிசையில் ஏறக்குறைய அதே ஆற்றல் கொண்ட 'எஸ்' என்ற வெடி 20 மீட்டர் ஆழத்தில் வெடிக்கப்பட்டபோது, பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 90 மீட்டர் ஆயிற்று.

ஐந்து மீட்டர் மண் மேலே இருந்ததனால் மட்டும் பள்ளத்தின் அகலம் மூன்று மடங்கு ஆனதைக் கவனிக்க வேண்டும். திறந்த வெளியில் வெடித்தால் ஆற்றலின் பெரும்பகுதி காற்றில் போய்விடுகிறது. மண்ணுக்குள் வெடித்தால் அது மண்ணை நகர்த்தச் செலவாகிறது. மிக ஆழமாகப் புதைத்தாலோ மேலுள்ள எடையைத் தூக்க முடியாமல் பள்ளமே தோன்றாமல் போகலாம். எனவே ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு ஆற்றலுக்கும் பள்ளம் மிகப் பெரிதாகும் ஆழம் ஒன்று உண்டு.

பள்ளத்தின் வடிவத்தைக் கூர்ந்து பார்த்தபோது வேறொன்றும் புலப்பட்டது. கண்ணுக்குத் தெரிவது உண்மையான பள்ளம் அன்று. மேலே எறியப்பட்ட மண்ணில் ஒரு பகுதி திரும்ப விழுந்து குழியை நிரப்பிவிடுகிறது. ஆகவே ஆய்வாளர்கள் நான்கு பகுதிகளைப் பிரித்தறிந்தனர்.

* தோற்றப் பள்ளம்: வெடிப்புக்குப் பின் கண்ணுக்குத் தெரியும் குழி.
* உண்மைப் பள்ளம்: விழுந்த மண்ணுக்கு அடியில் இருக்கும், மண் உண்மையில் பிய்த்தெறியப்பட்ட எல்லை.
* உடைவு மண்டலம்: அதற்கு வெளியே, மண் எறியப்படாமல் விரிசல் விட்டு நொறுங்கிய பகுதி.
* நெகிழ்வு மண்டலம்: இன்னும் வெளியே, விரிசல் இல்லாமல் மண் நிலையாக உருமாறிய பகுதி.

கடைசி இரண்டின் எல்லைகளை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குக் கண்டுபிடித்த வழி மிக எளியது.

நிறமணல் கம்பங்கள்

வெடி வைக்கும் இடத்திலிருந்து ஒரே நேர்கோட்டில், வெவ்வேறு தொலைவுகளில், செங்குத்தாகத் துளைகள் இடுவார்கள். அவற்றில் சாயம் ஏற்றிய மணலை, ஆழத்துக்கு ஒரு நிறமாக, சுற்றியுள்ள மண்ணின் அடர்த்திக்கு இயன்றவரை ஒத்துவரும்படி நிரப்புவார்கள். ஒவ்வொரு துளையின் இடமும் உயரமும் நில அளவைக் கருவியால் துல்லியமாகக் குறிக்கப்படும். வெடிப்புக்குப் பிறகு அதே கோட்டின் வழியே பள்ளத்தை வெட்டித் திறப்பார்கள். முன்பு நேராக நின்ற நிறக்கம்பங்கள் இப்போது வளைந்து, வெளிப்பக்கம் சாய்ந்து, சில இடங்களில் துண்டுபட்டு நிற்கும். எந்த ஆழத்தில் இருந்த நிறம் எங்கே நகர்ந்திருக்கிறது என்று அளந்தால், அந்தப் புள்ளியின் இடப்பெயர்ச்சி கிடைக்கும். கம்பம் முற்றிலும் அறுந்துபோன இடமே உண்மைப் பள்ளத்தின் எல்லை.

இம்முறையில் மின்சாரம் இல்லை. கம்பி அறுந்துபோகும் கவலையும் இல்லை. மண்ணே தன் நகர்வைப் பதிவு செய்துவைக்கிறது. ஆனால் குறைகள் இரண்டு. முதலாவது, அது தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே சொல்லும். இடையில் மண் எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது என்பதைச் சொல்லாது. இரண்டாவது, அணுவெடிப் பள்ளத்தில் கதிர்வீச்சு தணியும்வரை யாரும் இறங்கி வெட்ட முடியாது.

மண்ணுக்குள் கருவி வைத்தல்

இடையில் நடப்பதை அறியக் கருவிகளை மண்ணுக்குள் புதைத்தாக வேண்டும். இங்கேதான் இத்துறையின் கடினமான சிக்கல்கள் தொடங்கின.

முதல் சிக்கல், கருவியே மண்ணின் இயல்பை மாற்றிவிடுவது. தகைவை அளக்கும் உலோகப் பெட்டி ஒன்றைப் புதைப்பதாகக் கொள்வோம். அது மண்ணைவிட விறைப்பாக இருந்தால், சுற்றியுள்ள சுமை அதன் மேல் குவிந்து, உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும். மண்ணைவிட நெகிழ்வாக இருந்தால், சுமை அதைச் சுற்றிக்கொண்டு போய், உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். மேலும், வெடிப்பின்போது மண்ணின் விறைப்பே மாறுவதால் எல்லா நேரத்துக்கும் பொருந்தும் கருவியைச் செய்ய இயலாது. புதைத்த துளையை மீண்டும் நிரப்பும் மண்ணும் பழைய மண்ணைப் போல இறுகி அமைவதில்லை.

இரண்டாம் சிக்கல் கணக்கைச் சார்ந்தது. முடுக்கமானி முடுக்கத்தைத் தருகிறது. அதை ஒருமுறை தொகையீடு செய்தால் திசைவேகம், இருமுறை செய்தால் இடப்பெயர்ச்சி. கருவியில் சிறு பிழை இருந்தால் என்ன ஆகும்? புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 100 மடங்கு வரை அளக்கும் முடுக்கமானி ஒன்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை நிலையாக இருக்கிறது என்று கொள்வோம். அது வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 1 மீட்டர். இரண்டு வினாடிகளில் இப்பிழையால் மட்டும் வரும் பொய்யான இடப்பெயர்ச்சி, பாதி × 1 × 2 × 2 என்ற கணக்கின்படி, 2 மீட்டர். மண்ணின் உண்மையான நகர்வே சில சென்டிமீட்டராக இருக்கும் இடத்தில் இந்த அளவீடு பயனற்றது.

இதற்கு விடையாகத் திசைவேகத்தை நேரடியாகத் தரும் கருவிகள் உருவாயின. ஊசல் ஒன்றைப் பிசுபிசுப்பான சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கவைத்தால், அதன் விலக்கம் முடுக்கத்துக்கு அல்லாமல் திசைவேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்படி செய்யலாம். ஒரு தொகையீடு மிச்சமாவதால் பிழையும் பெருமளவு குறைகிறது.

திரிபை நேரடியாக அளக்க மின்காந்தத் தூண்டல் பயன்பட்டது. இரண்டு சிறிய கம்பிச் சுருள்களைச் சிறிது இடைவெளிவிட்டு எதிரெதிரே மண்ணில் புதைப்பார்கள். ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் செலுத்தினால் மற்றதில் மின்னழுத்தம் தோன்றும். இடைவெளி மாறினால் அந்த மின்னழுத்தமும் மாறும். இரண்டையும் இணைக்கும் தண்டு எதுவும் இல்லாததால், இடையிலுள்ள மண் தடையின்றி அமுங்கலாம். பள்ளியில் படிக்கும் பாரடேயின் விதி மண்ணுக்குள் இவ்வாறு பணி செய்தது.

சஃபீல்டின் வியப்பு

1963இல் கையெழுத்தான பகுதிச் சோதனைத் தடை உடன்படிக்கை வளிமண்டல அணுவெடிகளைத் தடுத்தது. ஏவுகணைக் குழிகளும் நிலவறைகளும் தாங்குமா என்று அறிய விரும்பிய நாடுகள் வேதி வெடிமருந்துக்குத் திரும்பின. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள சஃபீல்டு சோதனைக் களம் இதற்கு முக்கிய இடமாயிற்று. கனடா, அமெரிக்கா, பிரித்தானியா ஆகிய மூன்றும் இணைந்து பங்கேற்றன. 1964 சூலை 17 அன்று 'சுனோபால்' என்ற சோதனையில், அரைக்கோளமாக அடுக்கிய 500 டன் டி.என்.டி. கட்டிகள் தரைமேல் வெடிக்கப்பட்டன. பின்னர் 1968இல் 'பிரெய்ரி பிளாட்', 1970இல் 'டயல் பேக்' என 500 டன் சோதனைகள் தொடர்ந்தன.

கிண்ணம் போன்ற பள்ளத்தை எதிர்பார்த்தவர்களுக்குச் சுனோபால் வேறொன்றைக் காட்டியது. பள்ளம் அகன்று ஆழம் குறைந்திருந்தது. அதன் நடுவே மண் மேடாக எழுந்து நின்றது. விளிம்பைச் சுற்றி வட்டமாக விரிசல்கள் தோன்றின. நிலத்தடி நீர் மேலே வந்து பள்ளத்தில் தேங்கியது.

காரணம் அங்குள்ள மண். சஃபீல்டு நிலம் பழைய ஏரியின் களிமண்ணும் நுண்மண்ணும் படிந்தது. நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. உலர்ந்த மண்ணில் துகள்களுக்கிடையே காற்று இருப்பதால், அதிர்ச்சி வந்ததும் அந்த இடைவெளி நசுங்கி ஆற்றலை விழுங்கிவிடும். அதில் அலைகள் செல்லும் வேகம் வினாடிக்குச் சில நூறு மீட்டர்தான். நீர் நிறைந்த மண்ணில் நசுங்க இடம் இல்லை; அலை வினாடிக்கு 1,500 மீட்டர் அளவில், நீரில் செல்வது போலவே செல்கிறது. துகள்களின் பிடிப்பும் தளர்ந்து, மண் சிறிது நேரம் கூழ்போல ஓடுகிறது. கீழே அமுக்கப்பட்டது நடுவை நோக்கித் திரும்பிப் பாய்ந்து மேலெழுகிறது.

சஃபீல்டு ஆய்வாளர் சோன்சு இப்பள்ளங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதினார். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் ராடி, இவற்றை நடுமேடு கொண்ட விண்கல் பள்ளங்களோடு ஒப்பிட்டார். அதற்கு முன்பே யூஜின் சூமேக்கர், அரிசோனாவின் 1.2 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் பள்ளத்தின் விளிம்பில் பாறையடுக்குகள் தலைகீழாக மடிந்திருப்பதை டீபாட் எஸ் பள்ளத்தின் விளிம்போடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே வகை நிகழ்வால் தோன்றியவை என்று காட்டியிருந்தார். ஆயுதத்துக்காக எடுத்த அளவீடுகள் நிலவின் முகத்தைப் புரிந்துகொள்ளவும் இவ்வாறு உதவின.

சிறிதிலிருந்து பெரிதைக் கணித்தல்

ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான டன்னை வெடிக்க முடியாது. எனவே சிறு வெடியின் அளவீட்டிலிருந்து பெரு வெடியைக் கணிக்கும் விதி தேவைப்பட்டது. எளிய விதி கனமூல விதி: வெடிமருந்து 8 மடங்கானால் நீள அளவுகள் 2 மடங்காகும். ஆனால் பெரிய பள்ளங்கள் இக்கணிப்பைவிடச் சிறியவையாகவே அமைந்தன. பெரிய வெடியில் தூக்க வேண்டிய மண்ணின் எடை முதன்மையாகிவிடுவதே காரணம். மைலோ நார்டைக் என்ற அமெரிக்க அறிவியலாளர், நெவாடா வண்டல் மண்ணுக்கு மூன்றாம் மூலத்துக்குப் பதில் 3.4ஆம் மூலம் பொருந்தும் என்று காட்டினார்.

சோவியத் நாட்டில் பொக்ரோவ்சுகி 1930களிலேயே வேறு வழியை வளர்த்திருந்தார். மாதிரி மண்ணை வேகமாகச் சுழலும் கையில் ஏற்றினால் அதன் எடை பலமடங்காகும். சிறு மாதிரி பெரிய நிலம்போல நடந்துகொள்ளும். பின்னாளில் அமெரிக்காவில் சுமித், ஓல்சாப்பிள் ஆகியோர் இந்தச் சுழற்றி முறையால் பள்ளங்களின் விதிகளைச் செம்மைப்படுத்தினர்.

கணிப்பின் பயனும் விலையும்

இக்கணிப்புகளை நம்பி இரு வேறு முயற்சிகள் நடந்தன. அமெரிக்காவின் 'பிளோசேர்' திட்டம் அணுவெடியால் கால்வாயும் துறைமுகமும் தோண்ட நினைத்தது. 1962 சூலை 6 அன்று நெவாடாவில் 'செடான்' என்ற 104 கிலோடன் வெடி 194 மீட்டர் ஆழத்தில் வெடிக்கப்பட்டது. நிலம் குவிமாடம்போல மேலெழுந்து உடைந்தது. ஏறத்தாழ 1.2 கோடி டன் மண் பெயர்ந்து, 390 மீட்டர் அகலமும் 100 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளம் உண்டாயிற்று. பெயர்த்த மண்ணோடு கதிரியக்கத் தூசும் எழுந்து காற்றுவழி நெடுந்தொலைவு சென்று பல மாநிலங்களில் படிந்தது. மண்ணைப் பெயர்க்கும் கணக்கு சரியாக வந்தது. மனிதருக்கு ஆகும் கேடு அந்தக் கணக்கில் அடங்கவில்லை. பனாமாப் பகுதியில் புதிய கால்வாய் பற்றி ஆராய்ந்த அமெரிக்க ஆணையம் 1970இல், அணுவெடி அகழ்வை நம்பித் திட்டமிட முடியாது என்று அறிக்கை தந்தது.

மற்றது, அன்றைய சோவியத் கசக்சுத்தானில் அல்மா-அத்தா நகருக்கு மேலே உள்ள மெடியோ பள்ளத்தாக்கில் நடந்தது. மலையிலிருந்து இறங்கும் சேற்று வெள்ளத்திலிருந்து நகரைக் காக்க அணை தேவைப்பட்டது. 1966 அக்டோபரில் 5,000 டன்னுக்கு மேற்பட்ட வேதி வெடிமருந்தைக் கொண்டு ஒரு மலைச்சரிவையும், 1967இல் எதிர்ச்சரிவையும் பெயர்த்துப் பள்ளத்தாக்கின் குறுக்கே விழச் செய்தனர். 1973 சூலையில் வந்த பெரும் சேற்று வெள்ளத்தை அந்த அணை தடுத்து நிறுத்தியது. மண் எங்கே போய் விழும் என்ற கணிப்பு தவறியிருந்தால் அந்த நகரம் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்தியாவில் 1974 மே 18 அன்று பொக்ரானில் நடந்த சோதனையும் இவ்வரலாற்றில் இடம்பெறும். வெடி வைத்த ஆழம் 107 மீட்டர். தோற்றப் பள்ளத்தின் ஆரம் 47 மீட்டர், ஆழம் 10 மீட்டர் என இந்திய அறிவியலாளர்கள் அறிவித்தனர். அச்சோதனையில் முக்கியப் பங்காற்றியவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்த இராசகோபால சிதம்பரம்.

உடன்படிக்கையின் காவலாக

1974இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நிலத்தடி அணுவெடிகளை 150 கிலோடன்னுக்குள் வைக்க ஒப்புக்கொண்டன. மற்றவர் வரம்பை மீறவில்லை என்று எப்படி உறுதிசெய்வது? இங்கும் மண்ணும் பாறையும் அமுங்குவதே சான்றாயிற்று. வெடிக்கு அருகே ஒரு துளையில் மின்வடம் ஒன்றை இறக்குவார்கள். அதிர்ச்சி அலை மேலேற ஏற வடம் நசுங்கி, அதன் மின்நீளம் குறைந்துகொண்டே வரும். வடத்தில் மின்துடிப்பை அனுப்பி அது திரும்ப வரும் நேரத்தை அளந்தால், அலையின் வேகமும் அதிலிருந்து வெடியின் ஆற்றலும் தெரியும். 1988 ஆகத்து 17 அன்று நெவாடாவிலும், செப்டம்பர் 14 அன்று செமிப்பலாத்தின்சுக்கிலும் நடந்த கூட்டுச் சோதனைகளில், இரு நாட்டு அறிவியலாளர்களும் எதிர்நாட்டின் களத்துக்கே சென்று இவ்வாறு அளந்தார்கள். 1990 திசம்பரில் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

வானிலிருந்து அளத்தல்

இன்று களத்துக்குப் போகாமலே உருத்திரிபை அளக்க முடிகிறது. 2017 செப்டம்பர் 3 அன்று வடகொரியா மன்தாப் மலைக்கு அடியில் அணுவெடி நிகழ்த்தியது. முன்னும் பின்னும் செயற்கைக்கோள் எடுத்த ரேடார் படங்களை ஒப்பிட்ட பன்னாட்டுக் குழு ஒன்று, மலையின் பரப்பு பக்கவாட்டில் 3.5 மீட்டர் வரை நகர்ந்ததையும், ஏறத்தாழ அரை மீட்டர் தாழ்ந்ததையும் கண்டறிந்தது. அதிலிருந்து வெடி ஏறத்தாழ 450 மீட்டர் ஆழத்தில் நடந்தது என்றும், அதன் ஆற்றல் 120 முதல் 304 கிலோடன்னுக்குள் இருக்கும் என்றும் கணித்தது. சிங்கப்பூர், சீனா, செர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் பங்குகொண்ட இந்த ஆய்வு 2018இல் வெளியானது.

நெவாடாவில் 2018–2019இல் உலர்ந்த வண்டல் மண்ணில் நடத்தப்பட்ட வேதி வெடிச் சோதனைகளில் ஒளியிழை வடங்களே உணரிகளாயின. மெல்லிய கண்ணாடி இழையில் ஒளியைச் செலுத்தினால், அதன் நீளம் முழுவதும் எந்த இடத்தில் எவ்வளவு இழுபடுகிறது என்பதை அறியலாம். ஒரே இழை பல நூறு உணரிகளின் வேலையைச் செய்கிறது. இச்சோதனைகளின் நோக்கம், மறைவாக நடக்கும் சிறு அணுவெடியை வேறு அதிர்வுகளிலிருந்து பிரித்தறிவது.

மதிப்பீடு

மதிலைத் தகர்க்கத் தொடங்கிய இக்கலை ஏவுகணைக் குழிக்கும், கால்வாய்க் கனவுக்கும், அணைக்கும், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கும் பயன்பட்டிருக்கிறது. அளவுகோல் ஒன்றாகவே இருந்தாலும், அதை எதற்காக நீட்டுகிறோம் என்பதே பயனை முடிவு செய்திருக்கிறது. மாணவர்கள் இதிலிருந்து கற்க வேண்டிய அறிவியல் செய்தியும் ஒன்று உண்டு. சாயமிட்ட மணல் முதல் ஒளியிழை வரை, கருவிகள் எவ்வளவு மாறினாலும் கேள்வி மாறவில்லை: வெடிப்புக்கு முன் இந்தப் புள்ளி எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது? முதல் பாதியை வெடிப்புக்கு முன்பே கவனமாகக் குறித்து வைத்தவர்களுக்கே இரண்டாம் பாதிக்கு விடை கிடைத்தது.